தராசு தினமும் ஏன் மாற்றிக் காட்டுகிறது? டெல்டாவிலிருந்து சில அனுபவங்கள்

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை

எங்கள் தெருவில் காலை நடைக்கு வருகிற பெண்கள் சாப்பாட்டைக் குறைப்பதைக்கூடத் தாங்கிக்கொள்கிறார்கள். ஒருநாள் தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டிவிட்டால் அன்றோடு மனம் விட்டுப்போகிறது. அந்த ஒரு கிலோ எதனால் ஏறியது என்று தெரிந்தால் பாதிப்பேராவது நிறுத்தாமல் தொடர்வார்கள் என்று நம்புகிறேன். என் நோட்டில் இருப்பதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

ஒரு புதன்கிழமை காலை என் எடை 71.2 கிலோ. அன்று ராத்திரி கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. வத்தக்குழம்பு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், ஜாங்கிரி, பாயசம், சாதம் இரண்டு முறை. வியாழன் காலை 72.6. ஒரே ராத்திரியில் 1.4 கிலோ கூடியிருந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்துக்கொள்வார்கள். 1.4 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் அன்றையத் தேவைக்கு மேலே ஏறத்தாழ 10,800 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். அடுத்தடுத்து நாலு பந்தி உட்கார்ந்தாலும் அவ்வளவு போகாது. அப்படியென்றால் ஏறியதில் பெரும்பகுதி வேறு ஏதோ.

முதல் காரணம் உப்பு. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், வத்தல் எல்லாமே உப்பில் ஊறியவை. உடம்பு ரத்தத்தில் உப்பின் அளவை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், குடித்த தண்ணீரையும் சிறுநீரகம் உடனே வெளியே விடாது. அந்த உப்பு வெளியேற ஒன்றிரண்டு நாள் ஆகும், தண்ணீரும் அதோடுதான் போகும்.

இரண்டாவது சோறு. அரிசியில் உள்ள மாவுச்சத்தின் ஒரு பங்கைத் தசையும் ஈரலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. வளர்ந்தவர் உடம்பில் மொத்தமாகச் சுமார் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாள் சோற்றைக் குறைத்துவிட்டு ஒருநாள் இலை நிறையச் சாப்பிட்டால், காலியான இடம் நிறையும்போது தண்ணீரும் சேர்ந்தே ஏறும்.

மூன்றாவது, சாப்பிட்டதன் எடை. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டது காலை ஆறு மணிக்கும் வயிற்றிலும் குடலிலும்தான் இருக்கும்.

சரி, கொழுப்பு எவ்வளவு வேகத்தில் குறைகிறது? தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு 3,500. கொழுப்பாகப் பார்த்தால் சுமார் 450 கிராம், ஒரு நாளைக்கு 65 கிராம். வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் 100 கிராம் வித்தியாசத்தைத்தான் காட்டும். தண்ணீர் ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும்போது இந்த 65 கிராமை எந்தக் கண்ணால் பார்ப்பது?

அதனால் நான் ஏழு நாள் எடையையும் கூட்டி ஏழால் வகுக்கிறேன். அந்தக் கல்யாண வாரம்: 71.4, 71.9, 71.2, 72.6, 72.1, 71.5, 71.3. சராசரி 71.7. அடுத்த வாரம்: 71.0, 71.6, 71.3, 71.8, 71.1, 70.9, 71.2. சராசரி 71.3. புதனோடு புதனை வைத்துப் பார்த்தால் 71.2 போய் 71.3 ஆகியிருக்கிறது, அதாவது 100 கிராம் கூடியிருக்கிறது. சராசரி மட்டும் 400 கிராமுக்கு மேல் இறங்கியிருக்கிறது. புதன்கிழமையை மட்டும் பார்க்கிற ஒருத்தி அந்த வாரம் முழுக்கப் பட்ட பாடு வீண் என்று நினைத்திருப்பாள்.

மன்னார்குடி பக்கம், விவசாயி

டீச்சரம்மா சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் வரை ஈரப்பதம் என்று விதி. மழை நேரத்தில் தளர்வு கேட்டு அலைவோம், கிடைக்காவிட்டால் களத்தில் கொட்டிக் கிளறிக் காயவைப்போம். 20 சதவீத ஈரத்தில் இருக்கிற 40 கிலோ நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் எடை 38.5 கிலோதான் நிற்கும். ஒன்றரைக் கிலோ போய்விட்டது. ஆனால் உள்ளே அரிசி ஒரு மணிகூடக் குறையவில்லை. நம் உடம்பு எடையில் அன்றாடம் ஏறி இறங்குவதும் இந்த ஈரம்தான்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் உளுந்து பறிக்கிற நாளில் வயலுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்தேன். சாயங்காலம் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கும். அத்தனையும் வியர்வை. இரண்டு செம்பு நீராகாரம், கொஞ்சம் மோர் என்று குடித்தவுடன் திரும்ப வந்துவிடும். வர வேண்டும், அதுதான் உடம்புக்கு நல்லது. எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. தம்பிகளா, அதில் கொழுப்பு கூடுதலாகக் கரையாது. மயங்கித்தான் விழுவீர்கள்.

மயிலாடுதுறை, ஓய்வு பெற்றவர்

ஏகாதசிக்கு முழுப் பட்டினி இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். துவாதசி காலை தராசில் நின்றால் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்து காட்டும். பாரணை முடித்து இரண்டு நாளில் பழைய எடைக்கே வந்துவிடும். குடல் காலியானதும் கிளைகோஜன் குறைந்ததும்தான் அதில் முக்காலும். விரதத்தை விரதமாக இருங்கள், எடைக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திருவாரூர், கணினி வேலை

இதே விஷயம்தான் பேலியோ, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கிற உணவுமுறை, ஆரம்பிக்கிறவர்களுக்கும் நடக்கிறது. சோற்றையும் இட்லியையும் நிறுத்திய முதல் வாரத்தில் எனக்கு 2.5 கிலோ இறங்கியது. அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அரைக் கிலோகூட இறங்கவில்லை. அம்மாவுக்குக் கவலை, "என்னடா நின்னுபோச்சு?" என்றார்கள். நிற்கவில்லை. முதல் வாரத்தில் போனதில் பெரும்பங்கு கிளைகோஜனோடு இருந்த தண்ணீர், பிறகுதான் உண்மையான வேகம் தெரிந்தது. ஆடிப்பெருக்கு அன்று புளியோதரை, தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம் மூன்றும் சாப்பிட்டேன். மறுநாளே 1.7 கிலோ மேலே. அந்த வாரம் முடிவதற்குள் தானாக இறங்கிவிட்டது. அதற்காக அடுத்த நாள் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

தஞ்சாவூர், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவன்

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி எங்கள் குழு தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும். சுமார் 90 கிலோமீட்டர். இவ்வளவு நடந்தால் இரண்டு கிலோவாவது குறையும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திரும்பி வந்து நின்றால் புறப்பட்டதைவிட 1.5 கிலோ கூடுதல்! காலில் செருப்பு நுழையவில்லை, கெண்டைக்கால் கல்லாக இருந்தது.

பிறகு பிசியோதெரபி படித்த மைத்துனர் விளக்கினார். பழக்கமில்லாத அளவுக்கு உழைத்தால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்யும் வேலையில் அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும், வலியும் வரும். தார்ச்சாலை வெயிலில் நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் பாதத்தை வீங்கவைக்கும். போதாததற்கு வழியெல்லாம் அன்னதானம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. கொழுப்பு கரைந்திருக்கும், ஆனால் அது இந்த நீருக்குள் மறைந்துகிடக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது புறப்பட்ட எடையைவிடக் குறைந்திருந்தது.

ஜிம்மில் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். முதல் இரண்டு மூன்று வாரம் எடை ஏறினால் பயந்து நின்றுவிடாதீர்கள்.

கும்பகோணம், கல்லூரி மாணவி

அக்கா, நீங்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பீரியட்ஸ் வருவதற்கு முந்தைய நாள்களில் எனக்கு ஒரு கிலோ, சில மாதம் ஒன்றரைக் கிலோகூட ஏறுகிறது. வயிறு உப்பிக்கொள்கிறது, மோதிரம் இறுக்குகிறது. வந்து இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடுகிறது. ஹார்மோன் மாற்றத்தால் உடம்பு நீரைப் பிடித்து வைப்பதுதான் காரணம். எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது, என் தோழிக்கு எதுவுமே தெரிவதில்லை.

அதனால் நமக்கு வாரச் சராசரியும் சில சமயம் ஏமாற்றும். பீரியட்ஸ் முடிந்த வாரத்தைப் போன மாதம் முடிந்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஹாஸ்டலில் ஆண் பிள்ளைகள் போடுகிற "பத்தே நாளில் ரிசல்ட்" வீடியோவைப் பார்த்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. யாராவது இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

நாகப்பட்டினம், ஓய்வு பெற்ற செவிலியர்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் டயாலிசிஸுக்கு வருகிறவர்களை முன்னும் பின்னும் எடை பார்ப்போம். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்பிலிருந்து எடுத்த நீர். ஒரு லிட்டர் எடுத்தால் ஒரு கிலோ. சில மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்து வீட்டுக்குப் போவார்கள், கொழுப்பு அப்படியே இருக்கும். நீரின் எடை எவ்வளவு என்று எனக்குப் புரியவைத்தது அந்த வார்டுதான்.

உப்புக்கு ஒரு கணக்கு. குளுக்கோஸ் இல்லாத சாதாரண சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும், ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏறக்குறைய அதே அளவு. ஆக, உடம்பில் கூடுதலாகத் தங்கும் 9 கிராம் உப்பு சுமார் ஒரு லிட்டர் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் சேர்கிற எங்கள் கடலோரச் சாப்பாட்டில் அதைத் தாண்டுவது மிகச் சுலபம்.

ஆனால் எல்லா ஏற்றத்தையும் "தண்ணீர்தான்" என்று விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், காலை அழுத்தினால் குழி விழுந்தால், படுத்தால் மூச்சு முட்டினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். ஸ்டீராய்டு மாத்திரையும் நீரைச் சேர்க்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்தவரிடம் சொல்லுங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் வாரா வாரம் இறங்கிக்கொண்டே போனாலும் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவாகவும் இருக்கலாம், பரிசோதனை செய்யுங்கள்.

எடை குறைய "நீர் மாத்திரை" வாங்கிப் போடும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அது நீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், இருதயத் துடிப்பையே குழப்பிவிடும். மருத்துவர் எழுதித் தராமல் தொடக்கூட வேண்டாம்.

பட்டுக்கோட்டை, வீட்டு நிர்வாகம்

எனக்கு ஒரு சந்தேகம். தினமும் பார்த்தால் மனசு கெட்டுப்போகிறது. வாரம் ஒருநாள் மட்டும் பார்க்கலாமா? எங்கள் வீட்டில் பழைய சிவப்பு சிமெண்ட் தரை, தராசை இடம் மாற்றி வைத்தாலே முக்கால் கிலோ வித்தியாசம் காட்டுகிறது.

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை

பார்க்கலாம் அம்மா. மனசைக் கெடுக்கிற எதையும் தினமும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருநாள் விருந்துக்கு மறுநாளாகவோ மாதவிடாய்க்கு முந்தைய நாளாகவோ அமைந்துவிட்டால் எண் கூடுதலாகத்தான் வரும். எனவே அப்படிப் பார்க்கிறவர்கள் ஒரு வாரத்தை வைத்து முடிவுக்கு வராமல், ஒன்றரை மாதமாவது போகவிட்டுப் பாருங்கள்.

தராசைப் பாயிலோ மிதியடி மேலோ வைக்காதீர்கள். தரையில் மேடு பள்ளம் இல்லாத ஒரு இடத்தைத் தேர்ந்து சுண்ணாம்பால் நாலு மூலையும் குறித்துவிடுங்கள், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள். காலையில் கழிவறை போய் வந்த பிறகு, காபி குடிப்பதற்கு முன், ஏறக்குறைய ஒரே எடையுள்ள உடையில் நில்லுங்கள். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே மறுபடி ஏறிப் பாருங்கள், அரைக் கிலோ கூடியிருக்கும். வீட்டில் கேலி பேசுகிறவர்களுக்கும் இதையே செய்து காட்டுங்கள்.

தராசே வேண்டாம் என்றால் தையல்காரர் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு அளக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. நம் நாட்டவர்க்குப் பெண்கள் 80, ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். வயிறு உப்பிய நாளில் இதிலும் கொஞ்சம் கூடுதல் காட்டும் என்பதால் மாதம் இரண்டு முறை அளந்தால் போதும். அளவை நாட்காட்டித் தாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.