டிரான்ஸம் உளுத்த ஃபைபர் படகு: பிரித்துச் சரிசெய்வதா, அலுமினியத்துக்குத் தாவுவதா?

அலைவாக்கு:
16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு. மோட்டாரின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் டிரான்ஸமும் (மோட்டார் மாட்டும் பின்சுவர்; இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட்) கூடவே ஆடுகிறது. தட்டிப் பார்த்தால் மேல்பகுதியில் ‘டக் டக்’, போல்ட்டுகளுக்குக் கீழே ‘பொத் பொத்’. உள்பக்கமாகச் சின்னத் துளை போட்டதில் கறுத்த ஈரத்தூள் வந்தது. பிளைவுட்டை மாற்றினால் தேறுமா? பேசாமல் மரமே இல்லாத அலுமினியத்துக்குப் போய்விடலாமா?

தகரடப்பா:
போய்விடுங்கள். 5083 என்ற கடல்தர அலுமினியத் தகடு கல்லில் மோதினால் நெளியும், லேசில் கிழியாது. ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு) மங்குகிறது, கொப்புளம் வருகிறது என்ற ஒப்பாரியும் கிடையாது.

பிசின்கை:
வந்துட்டாருய்யா தகரம்! ‘மரமே இல்லாத’ என்று யார் சொன்னது? ரிவெட் அடித்த சின்ன அலுமினியப் படகுகள் பலவற்றின் டிரான்ஸத்துக்குள்ளும் இதே பிளைவுட்தான். அதை மாற்றும்போது செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பலகையை வைத்துவிட்டால், ஈரம் பட்டதும் அலுமினியமே அரிக்கும். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிக்கும், செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டை நேராக அடித்தாலும் அதே கதி.

அலைவாக்கு, தேறும். மோட்டாரை இறக்குங்கள். வெளித்தோலைத் தொடாமல், உள்தோலை ஓரத்தில் 2 அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஈரமரத்தை முழுக்கச் சுரண்டுங்கள். ‘கொஞ்சம் நன்றாக இருக்கிறதே’ என்று விட்டுவைக்கும் துண்டிலிருந்துதான் மறுபடி உளுக்கும். அடியில் வந்து சேரும் ஸ்ட்ரிங்கர்களையும் (படகின் அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள்) அப்போதே குத்திப் பாருங்கள். வெளித்தோல் நன்றாகக் காய்ந்த பிறகு கிரைண்டர்.

18 மி.மீ. மரைன் பிளை இரண்டு. முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, பிறகு ஒட்டும் முகங்கள் எல்லாவற்றிலும் வெறும் எப்பாக்ஸியை (ஹார்ட்னர் கலந்தால் இறுகும் பிசின்) தடவி ஊறவிடுங்கள். அதன்மேல் சிலிக்கா கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியைப் ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் இழுங்கள். கிளாம்பை ஓரத்தில் பசை பிதுங்கும் வரை மட்டும் முறுக்கவும். வெறியோடு முறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி, இணைப்பு வறண்டுபோகும். உள்மூலைகளில் கெட்டி எப்பாக்ஸியால் வளைவாக ஃபில்லட் போட்டு, மேலே பையாக்சியல் துணி (இரு திசையில் இழை ஓடும் கண்ணாடி இழைத்துணி). பழைய ஃபைபரில் சேருமிடத்தை 12:1 சரிவாகத் தேய்க்க வேண்டும்: 5 மி.மீ. தடிமனுக்கு 60 மி.மீ. அகலம்.

மரக்கலம்:
எல்லாப் பழியும் மரத்தின் மேலா? ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் எந்தப் பலகையும் உளுக்காது. அதிகம் கெடுப்பது கடல்நீரும் இல்லை, மூடாத படகில் தேங்கும் மழைநீர். அது இறங்கும் வழி போல்ட் துளையும் வடிகால் துளையும்தான். ஆகவே 12 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ. துளை போட்டு, கெட்டி எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். அப்புறம் போல்ட் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. சீலன்ட்டாக சிலிகான் வேண்டாம். பின்னால் அந்த இடத்தில் பெயின்ட்டோ ரெசினோ ஒட்டாமல் படுத்தும்.

அலைவாக்கு:
பாலியஸ்டர் ரெசினும் சாதா மேட்டும் (துண்டு கண்ணாடி இழைகளை ஒட்டிய விரிப்பு) போதாதா?

பிசின்கை:
மரத்தோடு பாலியஸ்டரின் பிடிப்பு சுமார்தான், நாளாக உரிந்துகொள்ளும். எப்பாக்ஸியோடு சாதா மேட்டைச் சேர்த்தும் குழப்பாதீர்கள். மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பெரும்பாலும் பாலியஸ்டரிலுள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் அந்த மேட் விறைத்தே நிற்கும். எப்பாக்ஸி இறுகியதும் மேலே மெழுகுபோலப் படலம் வரலாம். தண்ணீரும் முரட்டு நாரும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேய்ப்புத்தாள். கடைசியில் ஜெல்கோட் வேண்டாம், எப்பாக்ஸி மேல் சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். இருபாக பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள்.

தகரடப்பா:
இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் அலுமினியக்காரன் கரைக்கு மீனோடு வந்திருப்பான்.

மரக்கலம்:
வருவான், ஆனோடு (அலுமினியம் அரிக்காமல் தானே முதலில் கரையும் உலோகக்கட்டி) கரைந்துவிட்டதா என்று பார்க்க. தகரம், உப்புநீரில் மெக்னீசியம் ஆனோடு மாட்டாதீர், மளமளவென்று கரைந்துவிடும். அது நன்னீருக்கு. உப்புக்குத் துத்தநாகமோ அலுமினியமோ.

பிசின்கை:
அலைவாக்கு, இன்னொன்று. சீக்கிரம் இறுகட்டும் என்று எப்பாக்ஸியில் ஹார்ட்னரைக் கூட்டாதீர்கள். பாலியஸ்டரில் 1 முதல் 2 சதவீதத்துக்குள் ஏற்றி இறக்கலாம். இங்கே டப்பாவில் போட்ட விகிதம்தான், மீறினால் ரப்பராகவே நிற்கும். கலந்ததைக் குவளையில் விடாமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் சூடேறிப் புகையும்.

அலைவாக்கு:
சரி, மரைன் பிளைக்குச் சொல்லிவிடுகிறேன். தகரம் அண்ணே, கிளாம்ப் இருந்தால் கடன் கொடுங்கள்.

தகரடப்பா:
ஆறு இருக்கிறது. பசை ஒட்டாமல் திரும்பி வர வேண்டும். தாடைக்கடியில் பாலித்தீன் வையுங்கள்.