சப்ஊஃபருக்கு ஒரு தமிழ்ச்சொல்: தாழொலிப்பானா, உறுமியா, அடிப்பெட்டியா?

எல்லாருக்கும் வணக்கம். சின்ன ரூம்ல ரெண்டு ஸ்பீக்கர் வெச்சு ஸ்டீரியோவா பாட்டு கேக்கறவங்க, கையைக் கடிக்காத ஒரு சப்ஊஃபரை (பேஸ், அதாவது பாட்டோட கனமான கீழ் ஒலியை மட்டும் தர்ற தனி ஸ்பீக்கர் பெட்டியை) அதோட எப்படிச் சேக்கறதுன்னு தமிழ்ல ஒரு கையேடு எழுதலாம்னு உக்காந்தா, முதல் வரியிலேயே அந்த 'சப்ஊஃபர்' குறுக்க வந்து நிக்குது. இதுவரைக்கும் வந்த பரிந்துரைகள் தாழொலிப்பான், குற்றொலிப்பான், மந்தரப் பெட்டி, கட்டையொலிப்பான், உறுமி, முழக்கி. ஒவ்வொண்ணைப் பத்தியும் எனக்குத் தோணுறதைச் சொல்லிடறேன், அப்புறம் நீங்க பிடிபிடின்னு பிடிங்க.

குற்றொலிப்பானை இப்பவே தள்ளிடலாம். பத்தாம் வகுப்பு இயற்பியல்லயே குற்றொலின்னா 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற, மனுசக் காதுக்கு எட்டாத ஒலின்னு இருக்கு. சப்ஊஃபரோட வேலை பெரும்பாலும் 30லேர்ந்து 80, 100 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். பேஸ் கிடார்ல தடிச்ச கம்பியை விரல் வெக்காம சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ், அது நல்லாவே கேக்குதே. ஏற்கனவே ஒரு வேலையில இருக்கற சொல்லை இழுத்துட்டு வந்து இன்னொரு வேலைக்குப் போட்டா ரெண்டும் கெடும்.

தாழொலிப்பானுக்குத்தான் ஆதரவு அதிகம், பாக்கவும் லட்சணமா இருக்கு, ஆனா எனக்கு ஒரு பெரிய உறுத்தல். 'தாழ்ந்த குரல்ல சொன்னான்'னா என்ன அர்த்தம்? பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி மெதுவா சொன்னான்னு. அதிர்வெண் கம்மிங்கறதும் சத்தம் கம்மிங்கறதும் ஒரே 'தாழ்'ல போய் மாட்டிக்குது. வேற துறையா இருந்தா பரவால்லன்னு விடலாம், இங்க அந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டறதுதான் பாதி கையேடே. ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து காட்டின சங்கதி இது: மொத்த சத்தத்தையும் குறைச்சுக்கிட்டே வந்தா காதுக்கு முதல்ல காணாம போறது பேஸ்தான், அதனாலதான் ராத்திரி மெதுவா வெச்சுக் கேக்கும்போது பாட்டு சப்புன்னு இருக்கு, சின்ன ரூம்காரங்க சப்ஊஃபர் தேடிப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம். இப்ப இதைத் 'தாழ்ந்த சத்தத்தில் தாழொலி குறைகிறது'ன்னு எழுதிப் பாருங்க, படிக்கறவர் அடுத்த பக்கத்துக்கு ஓடிடுவார்.

மந்தரப் பெட்டிங்கறது காதுக்கு இனிமைதான், ஆனா மந்தர ஸ்தாயி பாடறவரோட சுருதியை வெச்சு வர்றது. ஒரு பெண் பாடகரோட மந்தரமும் ஆண் பாடகரோட மந்தரமும் ஒரே இடத்துல இருக்காது, நமக்கு வேண்டியதோ ஹெர்ட்ஸ் கணக்குல நிக்கற ஒண்ணு. அதையே தமிழிசை வழியில மெலிவு, சமன், வலிவுன்னு போகலாம்னும் ஒருத்தர் எழுதியிருந்தார். மூணு ஸ்தாயிக்கும் அருமையான பழைய பேர்தான், ஆனா மெலிவுப் பெட்டின்னு சொன்னா டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய பெட்டி மாதிரி இருக்கு. கட்டையும் இதே கதைதான். 'கட்டைக் குரல்'னா எல்லாருக்கும் சட்டுன்னு புரியும், அதுக்காகவே எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, ஆனா கச்சேரி கேக்கறவங்ககிட்ட போய் '6 கட்டை'ன்னு சொன்னா அது உசந்த சுருதி. அதே சொல் ஒரு பக்கம் கீழ இறங்குது, ஒரு பக்கம் மேல ஏறுது.

இப்ப உறுமி, முழக்கி. இதுலதான் எனக்குச் சண்டையே.

மூலச் சொல்லைப் பாத்தீங்கன்னா ஊஃபர்ங்கறது நாய் குரைக்கற சத்தத்துலேர்ந்து வந்தது, ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) குருவி கத்தறதுலேர்ந்து. அதனால நாமளும் உறுமலை எடுத்துக்கலாம், நம்மகிட்ட உறுமின்னு மேளமே இருக்குங்கற வாதம் கெட்டிக்காரத்தனமானதுதான், மறுக்கல. ஆனா உறுமறதும் முழங்கறதும் சரியா வெக்காத சப்ஊஃபர் பண்ற காரியம். ஒழுங்கா வெச்சா அது இருக்கறதே தெரியாது. ரெண்டு சின்ன ஸ்பீக்கரும் திடீர்னு பெருசாயிட்ட மாதிரி இருக்கும், பெட்டியை ஆஃப் பண்ணாதான் 'அடடா, எதுவோ போச்சே'ன்னு உறைக்கும். குறையோட பேரையே பொருளுக்கு வெச்சுட்டா, வாங்கறவர் உறுமல் வந்தாதான் காசு சரியாச்சுன்னு நினைச்சு வால்யூமைத் திருகிக்கிட்டே போவார். இப்பவே நிறைய பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க, ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடினா 'செம பேஸ்'. உறுமலையும் முழக்கத்தையும் அந்தக் குறைக்கே பேரா வெச்சுக்கலாம், அங்க அருமையா பொருந்தும்.

என்னோட பரிந்துரை 'அடி'. அடிவயிறு, அடித்தொண்டை, அடிநாதம்னு ஏற்கனவே வாயில பழகின முன்னொட்டு. பேஸ்னா அடியொலி, நடுவுல நடுவொலி, மேல உச்சியொலி, மூணும் ஒரே வரிசையில நிக்குது. சத்தத்தோட குழப்பிக்க வழியே இல்ல, 'அடியொலியைக் கூட்டு'ன்னா என்ன செய்யணும்னு சின்னப் பையனுக்கும் தெரியும். காலடிச் சத்தம் மாதிரி இருக்கேன்னு கேலி பண்ணுவீங்க, பண்ணுங்க, ஸ்பீக்கர் பத்திப் படிக்கும்போது யாருக்கும் செருப்பு ஞாபகம் வராது.

இதுல ஒரு சிக்கல் உண்டு, ஊஃபருக்கும் சப்ஊஃபருக்கும் வித்தியாசம் காட்டணும். சின்ன ஸ்பீக்கருக்குள்ளயே 4 அங்குலத்துலயோ 5 அங்குலத்துலயோ ஒரு ஊஃபர் இருக்குமே, அதுவும் அடியொலிப்பான்தானேன்னு கேப்பீங்க. 'சப்'பை மொழிபெயர்க்கணும்னு கிளம்பி 'அடியடியொலிப்பான்', 'கீழடியொலிப்பான்'னு போக வேணாம். பொருளைப் பாத்தாலே போதும். ஊஃபர்ங்கறது ஒரு உறுப்பு, ஒரு கூம்பு, அதை அடிக்கூம்புன்னு சொல்லலாம், ட்வீட்டர் பல ஸ்பீக்கர்ல கூம்பா இல்லாம சின்ன குமிழா இருக்கறதால அது உச்சிக்குமிழ். வீட்டு ஸ்டீரியோவுக்கு நாம வாங்கற சப்ஊஃபர் தனிப் பெட்டி, அதுக்குள்ளயே ஆம்ப்ளிஃபயரும் இருக்கு. அதனால அது அடியொலிப் பெட்டி. பேச்சுல எப்படியும் அடிப்பெட்டின்னு சுருங்கிடும், சுருங்கட்டும், சுருங்கற சொல்தான் பிழைக்கும்.

அடுத்தது கிராஸோவர், அதாவது எந்த அதிர்வெண் எந்த ஸ்பீக்கருக்குன்னு வகுக்கற எல்லை. சப்ஊஃபரை விட இதுக்குத்தான் நல்ல சொல் அவசரமா வேணும். 'குறுக்கீடு'ன்னு எங்கயோ பாத்தேன், தலையில அடிச்சுக்கிட்டேன், அது இன்டர்ஃபியரன்ஸுக்குப் பாடப்புத்தகம் பக்கமெல்லாம் புழங்கற சொல். 'பிரிப்பான்'னு சிலர் சொல்றாங்க, ஸ்பீக்கருக்குள்ள இருக்கற சர்க்யூட்டுக்கு அது சரி, ஏன்னா அது நிஜமாவே பிரிக்குது. ஆனா அடிப்பெட்டி பின்னால இருக்கற கிராஸோவர் திருகு எதையும் பிரிக்கல. சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்ல பெரும்பாலும் மெயின் ஸ்பீக்கர்களுக்கு முழு ஒலியும் அப்படியேதான் போகும், திருகு செய்யறது ஒண்ணே ஒண்ணு, 'இந்த அதிர்வெண்ணுக்கு மேல இருக்கறது எனக்கு வேணாம்'னு பெட்டி தனக்கு எல்லை போட்டுக்கறது. ஸ்பீக்கர் தானா எங்க தளர ஆரம்பிக்குதோ அங்க பெட்டி வந்து சேர்ந்துக்கணும். சேர்ற இடம்தான் முக்கியம், அதனால சந்தி. சந்தி அதிர்வெண், சுருக்கமா சந்தி. இலக்கணத்துல ரெண்டு சொல் சேர்ற இடமும் அதுதான், தெருவுல ரெண்டு ரோடு சேர்ற இடமும் அதுதான்.

எவ்வளவு வெக்கறதுங்கறதுக்கும் இந்தச் சொல் உதவுது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒலி எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னு காதால பிரிச்சுச் சொல்றது ரொம்பக் கஷ்டம், ஒரே ஒரு பெட்டியை வெச்சு ஸ்டீரியோவைச் சமாளிக்க முடியறதே அதனாலதான். சந்தியை 120, 150னு ஏத்தி விட்டா ஆம்பளைக் குரலோட அடிப்பகுதி அதுல வந்துடும், பாடறவர் நடுவுல நிக்காம மூலையில தரையோட உக்காந்து பாடுவார். அப்ப சந்தி சிரிச்சிடும்.

மெயின் ஸ்பீக்கர் 60 வரைக்கும் தெம்பா போகுதுன்னா சந்தி 60 பக்கத்துலயே இருக்கட்டும், மேல போனா ரெண்டும் ஒரே ஏரியாவுல வேலை செஞ்சு குரல் தடிச்சிடும்.

மூணாவது, நான் ரொம்ப நாளா யோசிச்சது, ரூம் மோடுக்கு, அதாவது சுவர்களுக்கு நடுவுல ஒலி மோதித் திரும்பி சில அதிர்வெண்ல எகிறறதுக்கு, என்ன சொல்றது. 'அறை ஒத்ததிர்வு'ன்னு எழுதலாம், தப்பில்ல. ஆனா கேக்கறவருக்கு வேண்டியது அதோட விளைவு: ஒரு நாற்காலியில பேஸ் குமுறுது, ரெண்டடி தள்ளி உக்காந்தா காணோம். இதுக்கு நிலை அலை, கணு (அலை செத்துப் போற இடம்), எதிர்க்கணு (உச்சத்துல நிக்கற இடம்)னு பாடப்புத்தகச் சொற்கள் தயாரா இருக்கேன்னு சொன்னாங்க. இங்க ஒரு பொறி இருக்கு. ஆர்கன் குழாய்ல மூடின முனையில கணுன்னு படிச்சிருப்போம், அது காத்துத் துகளோட அசைவுக்கான கணு. நம்ம காது உணர்றது அழுத்தத்தை, சுவத்துக்கிட்ட அசைவு கம்மி, அழுத்தம் உச்சம். 'சுவரோரம் கணு'ன்னு படிச்ச ஞாபகத்துல இருக்கறவர் சுவரோரம் பேஸ் கம்மியா இருக்கும்னு நினைச்சுக்குவார், நடக்கறது நேர் எதிர். அழுத்தக்கணு, அசைவுக்கணுன்னு பிரிச்சு எழுதலாம்தான், ஆனா அது கையேடா பரீட்சையா?

அதனால மேடு, பள்ளம். பேஸ் எகிறி நிக்கற இடம் மேடு, செத்துப் போற இடம் பள்ளம். கிராஃப் போட்டாலும் அப்படித்தான் தெரியும். கணக்கும் சுலபம்: ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், அதை அறை நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த நீளத்துக்கான முதல் ஒத்ததிர்வு. மூணரை மீட்டர் நீள அறைக்கு 49 ஹெர்ட்ஸ். அந்த 49ல ரெண்டு கோடிச் சுவத்துலயும் மேடு, நட்டநடுவுல பள்ளம். பின் சுவத்துல சாய்ஞ்சு உக்காந்து கேட்டா ஒவ்வொரு பேஸ் அடியும் குமுகுமுன்னு வர்றதும், அறைக்கு மத்தியில நாற்காலியைப் போட்டா பெட்டியே ஓடலியோன்னு சந்தேகம் வர்றதும் இதனாலதான். பெட்டியை மாத்தி இதைச் சரி பண்ண முடியாது, இன்னும் பெரிய பெட்டி வாங்கினா மேடு இன்னும் உசரும், அவ்வளவுதான். சின்ன அறைக்கு 8 அங்குலக் கூம்பு இருக்கற சுமாரான பெட்டியே பெரும்பாலும் தாராளம்னு நான் சொல்றதுக்கும் இதான் அடிப்படை, மிச்சக் காசு இருந்தா அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி எதிர்ச் சுவத்துல வெச்சா மேடு பள்ளம் கொஞ்சம் சமனாகும்.

சொல்லு நல்லா இருக்கான்னு தனியா உருட்டிப் பாத்தா தெரியாது, வாக்கியத்துல ஓட விடணும். கையேட்டுல ஒரு பத்தியை எழுதிப் பாத்தேன், குத்துற இடத்தைச் சொல்லுங்க:

"அடிப்பெட்டியைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மேலேயே வையுங்கள். அடியொலி அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். இப்போது தரையோடு தவழ்ந்து சுவரோரமாகப் போங்கள், காது பெட்டி நிற்கப்போகும் உயரத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் முழக்கமாக இருக்கும், அது மேடு. ஓரிடத்தில் ஒன்றுமே கேட்காது, அது பள்ளம். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில், தனித்தனியாகக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். பெட்டி அங்கே போகட்டும், நீங்கள் நாற்காலிக்குத் திரும்புங்கள். ஆம்ப்ளிஃபயரில் தனி வெளியீடு இல்லையென்றால் ஸ்பீக்கர் கம்பி செல்லும் முனைகளிலிருந்தே இன்னொரு கம்பி எடுத்துப் பெட்டியின் ஸ்பீக்கர் வழி உள்ளீட்டில் கொடுக்கலாம், பெட்டியில் அந்த உள்ளீடு இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். சந்தியை 80இல் வைத்துத் தொடங்குங்கள். கட்டத்தை (ஃபேஸ்) 0இல் ஒரு முறை, 180இல் ஒரு முறை வைத்து வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், சந்தி பக்கத்தில் எதில் அடியொலி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி. கடைசியாக ஒலியளவைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள், பெட்டி தனியாகக் கேட்கத் தொடங்கியதும் ஒரு துளி பின்வாங்குங்கள்."

தவழ்றது பாக்கறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா இயற்பியல் கறாரா இதுக்குப் பின்னால இருக்கு, ஒலி போற இடத்தையும் கேக்கற இடத்தையும் இடம் மாத்தினாலும் அறை ஒரே மாதிரிதான் நடந்துக்கும். இந்த முறைக்குத் தனிச் சொல்லே வேணாம், 'தவழ்ந்து பார்' போதும்.

அந்தப் பத்தியில 'கட்டம்' மட்டும் எனக்கு முழுசா ஒட்டல. ஃபேஸுக்கு, அதாவது அலை ஏறி இறங்கற நேரக் கணக்குக்கு, இயற்பியல்ல ஊறிப் போன சொல், இனிமே மாத்தறது நடக்காது, மாத்தவும் கூடாது, ஆனா ஸ்விட்ச்சுக்குப் பக்கத்துல 'கட்டம்'னு எழுதியிருந்தா புதுசா படிக்கறவர் சதுரத்தைத் தேடுவார். 0, 180னு ரெண்டே நிலை இருக்கற ஸ்விட்ச் உண்மையில துருவத்தைத் திருப்பறதுதான், அதனால அதுக்கு மட்டும் 'திருப்பு விசை'ன்னு வெச்சுட்டு, 0லேர்ந்து 180 வரைக்கும் படிப்படியா நகர்ற திருகு இருக்கற பெட்டிக்குக் கட்டம்னு வெச்சுக்கலாமான்னு தோணுது.

மூடின பெட்டி, துளை வெச்ச பெட்டி ரெண்டுக்கும் மூடுபெட்டி, துளைப்பெட்டின்னு போட்டுட்டேன், அதுல யாருக்கும் தகராறு இருக்காதுன்னு நம்பறேன். தகராறு வரப்போறது ரூம் கெயினுக்கு. சின்ன அறையில, முதல் ஒத்ததிர்வுக்கும் கீழ போகப்போக, அறையே அடியொலியைத் தூக்கிக் கொடுக்குது, மூடுபெட்டி தன் எல்லைக்குக் கீழ ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகற ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் கணக்குல மெதுவா சரியறதால ரெண்டும் ஓரளவு ஈடுகட்டிக்குது. துளைப்பெட்டி 24 கணக்குல மடமடன்னு விழும். சின்ன அறைக்கு மூடுபெட்டியை நான் சிபாரிசு பண்றதே இதனாலதான், ஆனா அந்தத் தூக்கலுக்குப் பேர் இல்லாம அந்தப் பத்தியை எழுத முடியல. 'அறைப் பெருக்கம்'னா ரியல் எஸ்டேட் மாதிரி இருக்கு, 'அறை ஏற்றம்'னா வாடகை ஏறின மாதிரி. 'அறைத்தூக்கல்'னு தற்காலிகமா எழுதி வெச்சிருக்கேன். வேற யாருக்காவது தோணினா எழுதுங்க, 'அறைக்கொடை'ன்னு மட்டும் வேணாம்.