எடை குறைத்தால் உடல்வாகே மாறிவிடுமா?

ஸ்ரீரங்கவாசி:

வயது 34, உயரம் 5 அடி 3 அங்குலம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 81 கிலோ வரை ஏறி, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, கொஞ்சம் ஜிம் என்று இப்போது 67-க்கு வந்திருக்கிறேன். கன்னம் ஒட்டிவிட்டது, காறை எலும்பு தெரிகிறது, மோதிரத்துக்கு நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன். ஆனால் இடுப்புக்குக் கீழே அதே ஆள். சொல்லப்போனால் முன்பைவிட இப்போதுதான் கீழ்ப்பாதி பெரிதாகத் தெரிகிறது. குர்தா தோளில் தொங்குகிறது, பின்பக்கம் பிடிக்கிறது.

ஜிம் டிரெய்னர், "இன்னும் அஞ்சு கிலோ குறைங்க மேடம், ஷேப்பே மாறிடும்" என்கிறார். பெரியம்மாவோ, "நம்ம குடும்பத்துக்கே எலும்பு பெரிசுடி, பட்டினி கிடந்தாலும் இப்படித்தான்" என்கிறார். யார் சொல்வது சரி?

மதுரை தையல்கடை:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை, லேடீஸ் டெய்லர். ஒரே ஆளைக் கல்யாணத்துக்கு முன்னால், பிள்ளை பெற்ற பிறகு, சுகர் வந்து இளைத்த பிறகு என்று எல்லா நிலையிலும் அளவெடுத்திருக்கிறேன். என் அளவு நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

ஒரு டீச்சர், என் பழைய கஸ்டமர், போன வருஷம் நன்றாக இளைத்து வந்தார். பழைய அளவு மார்பு 42, இடுப்பு 38, சீட் (பின்பக்கச் சுற்றளவு) 46. புது அளவு 36, 32, 41. கண்ணாடி முன்னால் நின்று உங்களைப் போலவேதான் புலம்பினார், "கீழே மட்டும் குறையவே மாட்டேங்குது" என்று. நோட்டைத் திருப்பிக் காட்டினேன். சீட்டில் ஐந்து அங்குலம் போயிருக்கிறது, சும்மா இல்லை! ஆனால் இடுப்பில் ஆறு போய்விட்டது. முன்பு இடுப்புக்கும் சீட்டுக்கும் எட்டு அங்குல வித்தியாசம், இப்போது ஒன்பது. கண் அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே டீச்சரின் தோள் அளவு பழைய பக்கத்தில் 14½, புதுப் பக்கத்திலும் 14½. தோளை எலும்பு முனையிலிருந்து முனைக்கு எடுப்போம். சதை ஏறினாலும் இறங்கினாலும் கால் அங்குலம் ஆடும், அவ்வளவுதான். முதுகு நீளமும் அப்படியே.

அப்போ உங்கள் குர்தா ஏன் தோளில் தொங்குகிறது? ரெடிமேடில் எக்ஸ்எல் என்றால் தோளையும் சேர்த்து அகலமாக வெட்டிவிடுகிறார்கள். குண்டானவருக்கெல்லாம் தோளும் நீளும் என்று யார் சொன்னார்களோ! முன்பு கைச்சதையும் முதுகுச்சதையும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, இப்போது காலி. உங்கள் தோள் அன்றைக்கும் இதே அளவுதான் இருந்திருக்கும்.

கோவை பிசியோ:

அக்கா சொன்னது சரி. காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். உடம்பில் கடைசியாக வளர்ச்சி முடியும் எலும்புகளில் ஒன்று காறை எலும்பு, இருபதுகளின் நடுவில் முடியும். அதற்குப் பிறகு சாப்பாட்டாலோ நடையாலோ தோளெலும்பும் இடுப்பெலும்பும் குறுகாது. வயது ஏற ஏற இடுப்பெலும்பு மிக மெதுவாகக் கொஞ்சம் அகலமாகவும் செய்யும்.

கொழுப்பு எங்கே சேரும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நன்றாகச் சுரக்கும் வயதில் பெண்களுக்குத் தொடையிலும் பின்பக்கத்திலும் சேரும், மாதவிடாய் நின்ற பிறகு வயிற்றுக்கு மாறும். இளைக்கும்போது கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் பெரிதாகக் குறைவதில்லை. அதனால் எங்கே அதிகம் இருந்ததோ, இளைத்த பிறகும் பெரும்பாலும் அங்கேதான் அதிகம் இருக்கும். தொடைக்கென்று தனியாக உடற்பயிற்சி செய்து தொடைக் கொழுப்பை மட்டும் கரைக்கவும் முடியாது.

பெரியம்மா கட்சிக்கு ஒரு சோதனை: மணிக்கட்டை இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். 5 அடி 2 முதல் 5 அடி 5 வரை உயரமுள்ள பெண்ணுக்கு 6 அங்குலத்துக்குக் கீழே என்றால் சின்ன எலும்பு, 6 முதல் 6¼ வரை நடுத்தரம், அதற்கு மேல்தான் பெரிசு. தோராயமான கணக்குதான், ஆனாலும் ஒரு பதில் கிடைக்கும். இடுப்புச் சுற்றளவையும் சொல்லுங்கள்.

நெல்லைத் தம்பி:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 96 கிலோவிலிருந்து 78-க்கு வந்தேன், ஆளே மாறிவிட்டேன். பேன்ட் 40-லிருந்து 34. தோள் விரிந்து நெஞ்சு எடுப்பாக இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் அத்தைக்கே என்னை அடையாளம் தெரியவில்லை!

மதுரை தையல்கடை:

தம்பி, உங்கள் சட்டைக்குத் தோள் எவ்வளவு? முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு?

நெல்லைத் தம்பி:

பார்த்தேன் அக்கா. முன்பு தைத்த சட்டையில் 18½. இப்போது தைத்ததிலும் 18½. சரி, விடுங்கள்.

மதுரை தையல்கடை:

தொப்பை இறங்கியதும் தோள் அகலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆம்பளைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் உண்டு. முதலில் வயிறு இறங்கிவிடும், ஷேப்பே மாறிய மாதிரி இருக்கும்.

ஸ்ரீரங்கவாசி:

மணிக்கட்டு 5¾! பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் டேப் சரியில்லை என்பார். இடுப்பு 33 அங்குலம். அப்படியென்றால் அந்த ஐந்து கிலோவைக் குறைத்து என்ன பிரயோஜனம்?

கோவை பிசியோ:

33 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 84 செ.மீ. இந்தியப் பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது, ஆண்களுக்கு 90. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) இப்போது 26 சொச்சம், ஐந்து கிலோ குறைந்தால் 24 பக்கம் வரும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வயிற்றுக் கொழுப்புதான் வம்பு, தொடைக் கொழுப்பு அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. அதனால் குறையுங்கள், வாகு மாறும் என்று நம்பி வேண்டாம். டிரெய்னரிடம் தோளுக்கும் முதுகுக்கும் எடை தூக்கும் பயிற்சி கேளுங்கள். எலும்பு நீளாது, ஆனால் தோளில் சதைப்பற்று ஏறினால் மேலும் கீழும் ஓரளவு ஒத்துப்போகும். வெறும் நடையும் பட்டினியுமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், பின்பக்கம் தளர்ந்துபோய்த் தெரியும்.

ஸ்ரீரங்கவாசி:

நன்றி. கடைசியாக ஒன்று அக்கா: தீபாவளிக்குச் சுடிதார் தைக்கக் கொடுக்கலாமா, இல்லை அந்த ஐந்து கிலோ குறையும்வரை காத்திருக்கவா?

மதுரை தையல்கடை:

காத்திருக்காதீர்கள், தீபாவளி நெருக்கத்தில் எந்தக் கடையிலும் துணி வாங்க மாட்டார்கள். பழைய அளவுச் சுடிதாரைக் கொடுத்துவிட்டு வராமல் நேரில் போய்ப் புதுசாக அளவு கொடுங்கள். தோளையும் கைக்குழியையும் இப்போதைய அளவுக்குக் கச்சிதமாக வைக்கச் சொல்லுங்கள், அங்கே பிறகு பிரித்துத் தைப்பது பெரிய வேலை. பக்கத் தையலில் எப்படியும் பிடித்துக்கொள்ளலாம். குறைந்த எடை திரும்ப ஏறினால் பிரித்துவிடவும் வேண்டுமே, அதனால் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். டாப்ஸின் பக்கவாட்டு ஓப்பன் சீட்டுக்கு மேலேயே ஆரம்பிக்கட்டும், பின்பக்கம் பிடிக்காது.