மறு: [கலைச்சொல்] பழைய டீசல் ஜீப்பின் ‘நாசில்’: உட்செலுத்தியா, பீச்சியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டீசல் ஜீப் கையேட்டில், எஞ்சினுக்குள் டீசலைச் சிதறவிடும் ‘நாசில்’ என்ற உறுப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> அகராதியில் இன்ஜெக்டருக்கு ‘உட்செலுத்தி’ இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

பெட்ரோல் காருக்கு எழுதுவதாக இருந்தால் நானும் சரி என்று விட்டிருப்பேன். அங்கே கணினி மின்துடிப்பு அனுப்புகிறது; அந்த உறுப்பே திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கொண்டு எரிபொருளை அளக்கிறது. நம் கையேடு மஹிந்திரா எம்எம் 540 போன்ற பழைய ஜீப்புக்கு. போடிமெட்டு, சூரியநெல்லிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பெஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சின்: நான்கு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம், 2112 சிசி. அதன் நாசிலுக்கு மின்கம்பியே கிடையாது. அளப்பது, நேரம் பார்ப்பது, தள்ளுவது மூன்றும் பம்பின் வேலை. நாசிலுக்குள் இருப்பது ஸ்பிரிங் அழுத்திப் பிடித்த ஓர் ஊசி. குழாயில் அழுத்தம் ஏறினால் ஊசி எழும்பும், டீசல் சிதறும், இறங்கினால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

ஆக, செலுத்துவது பம்ப். ‘உட்செலுத்தி’ என்ற பெயர் பொருளைப் பார்த்தால் பம்புக்குத்தான் சேரும். பக்கத்துப் பக்கமாக ‘உட்செலுத்துப் பம்ப்’, ‘உட்செலுத்தி’ என்று எழுதிவைத்தால், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் எதைக் கழற்றுவான்?

> மெக்கானிக் எல்லாரும் நாசில் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமே.

பேச்சில் விட்டுவிடலாம், யாரும் மாற்றவும் முடியாது. டீசல் பம்பும் நாசிலும் தயாரித்த மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. பம்ப் கடையில் இன்றைக்கும் மைக்கோ நாசில்தான். ஆனால் உதிரிபாகம் தேர்ந்தெடுக்கும் அத்தியாயத்தில் இந்தச் சொல் காசைத் தின்கிறது. ‘நாசில் மாத்தணும்’ என்றால் முழு உறுப்பையும் மாற்றுவதா, நுனியில் இருக்கும் முனையை மட்டுமா? பெரும்பாலான பழைய வண்டியில் தேய்வது முனைதான். உடல் விரிசல், மரை தேய்வு, ஸ்பிரிங் தளர்வு இல்லாவிட்டால் உடலை வைத்துக்கொண்டு முனையை மாற்றினால் போதும். இரண்டின் விலையும் ஒன்றல்ல. ஒரே சொல் இருந்தால் கேட்பவருக்கும் தெரியாது, விற்பவர் சொல்லவும் மாட்டார்.

அதனால் என் முன்மொழிவு: முழு உறுப்பு பீச்சி. அதன் உடல் பீச்சியுடல். நுனி பீச்சிமுனை. முனைக்குள் இருக்கும் ஊசியும் அதன் உறையும் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒரு முனையின் ஊசியை இன்னொன்றில் போடக்கூடாது. இதைச் சொல்லவே ஒரு சொல் வேண்டும்: முனையிணை. நாலு முனையையும் ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ‘இணை’ என்று பெயரிலேயே இருந்தால் கை கொஞ்சம் தயங்கும்.

> ‘பீச்சி’ என்றால் சிரிப்பார்கள் ஐயா. வயிற்றுப்போக்கு ஞாபகம் வரும்.

வரட்டுமே. பால் பீச்சுவதும் பீச்சாங்குழலும் அதே வேர்தான். அழுத்தித் தள்ளியது சிறு வாய் வழியே வேகமாக வெளிவருவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் எனக்குத் தெரியவில்லை. ‘தூவி’ அழகுதான். ஆனால் அது இறகு. தவிர, தூவுவதில் அழுத்தம் இல்லை. வெளிவந்த பிறகு டீசல் விரியும் வடிவத்துக்கு அதைப் பயன்படுத்தலாம்: தூவல் வடிவம். பீச்சி பீச்சுகிறது, தூவல் விரிகிறது. எனக்கு இது போதும்.

அடுத்து, வகைப் பெயர்கள். தேர்வில் உண்மையான தவறு நடப்பது இங்கேதான். எக்ஸ்டிபி-யில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை, எஞ்சின் தலையில் (சிலிண்டரை மூடும் மேல்பகுதி) உள்ள சிறு சுழல் அறைக்குள் போகிறது. அங்கே ஊசியின் நுனி ஒரு முளைபோல் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை வேண்டும். அதே உருவத்து ஜீப்பில் மஹிந்திராவின் எம்டிஐ எஞ்சினும் வந்தது, 2523 சிசி. அது நேரடியாக சிலிண்டருக்குள் பீச்சுவது. அதற்குப் பல நுண்துளை கொண்ட முனை. ‘ஜீப் நாசில் நாலு’ என்று கேட்டால் எது வரும் என்பது கடைக்காரரின் ஊகம். முதலாவதற்கு முளைமுனை, இரண்டாவதற்கு துளைமுனை என்று எழுதியிருந்தேன். போனில் சொன்னால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும் என்று கோவை நண்பர் சொன்னது நியாயம். ‘பலதுளைமுனை’ என்று மாற்றிக்கொள்கிறேன். பழைய முனையில் பொறித்ததைப் படித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது: டிஎன் (DN) என்று தொடங்கினால் முளை, டிஎல்எல்ஏ (DLLA) என்றால் துளை. பின்னதில் எழுத்தை அடுத்து வரும் எண் தூவல் கோணம்.

அழுத்தமும் அப்படியே. முளைமுனை ஏறக்குறைய 110 முதல் 135 பார் (அழுத்தத்தின் அலகு) வந்ததும் திறக்கும். பலதுளைமுனைக்கு 175-இலிருந்து 250 வரை போகும். இதற்கு திறப்பழுத்தம். ‘வெடிப்பழுத்தம்’ வேண்டாம், எஞ்சின் புத்தகத்தில் வெடிப்பு என்றால் உள்ளே எரிவதுதான் நினைவுக்கு வரும். புது முனை போட்டதும் பீச்சியைச் சோதிக்கும் கைப்பம்பில் வைத்துத் திறப்பழுத்தம் பார்க்க வேண்டும். குறைந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய ஷிம் (தகட்டு வளையம்) சேர்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவுக்கு வந்தால்தான் எஞ்சின் தட்டாமல் ஓடும். திறப்பழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பத்து நொடி பிடித்தால் நுனியில் சொட்டு விழக்கூடாது. கையேட்டில் இந்த இடத்தில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை போடுங்கள்: தூவலுக்கு முன்னால் கையை நீட்டக்கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். (அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் ‘உட்செலுத்தி’ சரியான பெயர்.)

ஷிம், காப்பர் வாஷர் இரண்டையும் அப்படியே விடலாம் என்பது என் கருத்து. ‘செப்பு வளையம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும், ஆனால் கடையில் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு முறை பீச்சியைக் கழற்றும்போதும் புதிது போட வேண்டிய பொருள் அது. பெயர் கடையோடு ஒத்துப்போவது முக்கியம்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. ஊசியைச் சுற்றிக் கசியும் கொஞ்சம் டீசலைத் தொட்டிக்குத் திருப்பும் மெல்லிய குழாய், பட்டறையில் லீக்-ஆஃப் பைப். ‘கசிவுக்குழாய்’ என்றால் ஓட்டை விழுந்த குழாய் என்று படிக்கிறார்கள். ‘திருப்புக்குழாய்’ என்றால் பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் பெரிய குழாயோடு குழம்புகிறது. ‘கசிவுமீட்பு’ என்று ஏதாவது அமையுமா? வெள்ளிக்குள் சொன்னால் அத்தியாயத்தை முடித்து அனுப்பிவிடுவேன்.