ஏடிஹெச்டி மாத்திரைச் சீட்டு இருக்கு, கப்பில் ஏஎம்பி பாசிட்டிவ்: ரிப்போர்ட் எப்படி எழுதுவது?

ஓசூர் லேப் டெக்னீஷியன்:
சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குச் சேரும் முன் மெடிக்கல் எடுக்கிற லேப். 26 வயசு ஆள். சிறுநீர் கப்பில் ஏஎம்பி (ஆம்ஃபெட்டமின்) பட்டையில் டி (டெஸ்ட்) கோடு வரவில்லை, அதாவது பாசிட்டிவ்; எம்இடி (மெத்தாம்ஃபெட்டமின்) பட்டையில் கோடு தெளிவாக இருக்கு, அதாவது நெகட்டிவ். சி (கண்ட்ரோல்) கோடு இரண்டிலும் வந்திருக்கு. கட்-ஆஃப் (பாசிட்டிவ் ஆகும் எல்லை) மில்லிக்கு 1000 நானோகிராம். ஏடிஹெச்டிக்கு (கவனக் குறைபாடு) சைக்கியாட்ரிஸ்ட் எழுதிய மெத்தில்ஃபெனிடேட் 20 மி.கி. சீட்டு காட்டுகிறார். "மாத்திரையால் வந்த பாசிட்டிவ்" என்று எழுதி முடித்துவிடலாமா? உறுதிப்படுத்த பெங்களூர் லேபுக்கு அனுப்புவதென்றால் எந்த டெஸ்ட் கேட்கணும்?

எல்சி-எம்எஸ் ஆள்:
எல்சி-எம்எஸ் (மருந்துகளைப் பிரித்து, மூலக்கூறு எடை பார்த்து உறுதிப்படுத்தும் கருவி) ஓட்டுகிற ஆள் நான். அப்படி எழுதாதீங்க. மெத்தில்ஃபெனிடேட் ஊக்க மருந்துதான், ஆனால் அதன் மூலக்கூறு வேறு. ஏஎம்பி பட்டையில் இருக்கிற ஆன்டிபாடி அதைப் பிடிக்காது. இன்ஸ்பைரல், அட்வைஸ் என எந்த பிராண்டாக இருந்தாலும் சரி. சீட்டு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இந்தப் பாசிட்டிவுக்கு அது பதில் இல்லை. வேறு ஏதோ ஒன்று உள்ளே இருக்கு.

இதையே திருப்பிப் போட்டும் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிற பையனுக்குக் கப்பு நெகட்டிவ் வந்தால் "மாத்திரையை விழுங்காமல் விற்கிறான்" என்று பழி போடுவது. கப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

மாத்திரை உள்ளே போனதா என்று பார்க்க ரிட்டாலினிக் அமிலம் கேளுங்க. ஈரல் மெத்தில்ஃபெனிடேட்டை உடைத்து இதுவாக மாற்றுகிறது. டோஸில் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படித்தான் சிறுநீரில் வெளியேறும். மாத்திரை அப்படியே வெளியே வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு. கடைசி டோஸிலிருந்து ஒன்றிரண்டு நாள் வரை தெரியும். மாத்திரையைச் சுரண்டிக் கப்பில் கலந்திருந்தால் கணக்கு தலைகீழாகும்: மெத்தில்ஃபெனிடேட் மலை மாதிரி, ரிட்டாலினிக் அமிலம் கொஞ்சமே. ஆனால் சாம்பிள் வெயிலில் கிடந்தால் பாட்டிலுக்குள்ளேயே மெத்தில்ஃபெனிடேட் உடைந்து ரிட்டாலினிக் அமிலமாகும், சிறுநீர் காரமாக (அல்கலைன்) இருந்தால் இன்னும் வேகமாக. எடுத்தவுடன் ஃபிரிட்ஜ், அனுப்பும்போது ஜெல் ஐஸ்.

ஆர்டரில் பெயர் பெயராக எழுதுங்க: ஆம்ஃபெட்டமின், மெத்தாம்ஃபெட்டமின், எம்டிஎம்ஏ, எம்டிஏ, ஃபென்டெர்மின், மெஃபென்டெர்மின், எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின், ரிட்டாலினிக் அமிலம். வெறும் "டிரக் கன்ஃபர்மேஷன்" என்று எழுதினால் அந்த லேபின் வழக்கமான பேனல்தான் ஓடும், மெஃபென்டெர்மின் அதில் இல்லாமல் போகலாம்.

தருமபுரி ஃபார்மசிஸ்ட்:
மருந்துப் பட்டியல் வாங்கினீங்களா? ஏஎம்பி பட்டையைத் தவறாக எழுப்பக்கூடியவை கொஞ்சநஞ்சமல்ல. சளி மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின், பிபிக்கான லேபெட்டலால், புப்ரோபியான், டிரசோடோன், குளோர்ப்ரோமசின், புரோமெத்தசின், ரானிட்டிடின். எந்தக் கிட்டில் எது எழும்பும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், உள்ளே இருக்கிற தாளில் கிராஸ் ரியாக்‌ஷன் அட்டவணை இருக்கும். அதைப் பிரித்துப் படிக்காமலே குப்பையில் போடுகிறோம்.

இந்த வயசுக்கு முதலில் கேட்க வேண்டியது ஜிம் ஊசி. மெஃபென்டெர்மின் உண்மையில் ஆபரேஷன் தியேட்டரில் பிபி இறங்கினால் போடுவது, ஜிம்களில் தெம்புக்காகப் போட்டுக்கொள்கிறார்கள். உடம்பில் அது ஃபென்டெர்மின் ஆகிறது. எம்இடி சும்மா இருந்து ஏஎம்பி மட்டும் எழும்புவதற்கு அது நன்றாகவே பொருந்தும். "போதை எடுத்தியா" என்றால் இல்லை என்பார், "ஜிம்முல ஏதாவது ஊசி போடறீங்களா தம்பி" என்றால் சொல்லிவிடுவார்.

எல்சி-எம்எஸ் ஆள்:
ஃபார்மசிஸ்ட் சொன்னது ரொம்ப முக்கியம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்க: ஃபென்டெர்மினுக்கும் மெத்தாம்ஃபெட்டமினுக்கும் மூலக்கூறு எடை ஒன்றே, 149. எல்சி கருவியின் பிரிக்கும் குழாயிலிருந்து (column) இரண்டும் தனித்தனி நேரத்தில் வெளியே வராவிட்டால் ஜிம் ஊசி போட்டவர் "மெத்" ஆகிவிடுவார். பிரித்துக் காட்டுகிற முறைதானா என்று லேபைக் கேட்டுவிட்டு அனுப்புங்க.

ஓசூர் லேப் டெக்னீஷியன்:
நன்றிங்க. ஒரு சந்தேகம். உறுதிப்படுத்தலில் ஆம்ஃபெட்டமின் மில்லிக்கு 8000 நானோகிராம் என்று வந்தால் அளவுக்கு மீறி எடுத்தார் என்று சொல்லலாமா? வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அட்டெரால் (ஆம்ஃபெட்டமின் உள்ள ஏடிஹெச்டி மாத்திரை) சீட்டோடு வருவதும் உண்டு.

எல்சி-எம்எஸ் ஆள்:
எண்ணை வைத்து டோஸ் சொல்லவே முடியாதுங்க. ஆம்ஃபெட்டமின் ஒரு காரம், சிறுநீர் புளிப்பாக (அமிலமாக) இருந்தால் வேகமாக வெளியேறும், காரமாக இருந்தால் உடம்பிலேயே தங்கும். ஒரே மாத்திரைக்கு எண் பல மடங்கு மாறும். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பது அதற்கு மேல்.

எது எதோடு வருகிறது என்று பாருங்க. உடம்பு மெத்தாம்ஃபெட்டமினை ஆம்ஃபெட்டமினாக மாற்றும், எதிர்த்திசையில் நடக்காது. அதனால் ஆம்ஃபெட்டமின் மட்டும் இருந்தால் அட்டெரால் சீட்டு பொருந்தலாம், மெத்தாம்ஃபெட்டமினும் இருந்தால் அந்தச் சீட்டு அதை விளக்காது. சந்தேகம் தீரவில்லை என்றால் கைரல் டெஸ்ட், ஒரே மூலக்கூறின் டி (d), எல் (l) என்ற இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களைப் பிரித்துக் காட்டுவது. அட்டெராலில் டி வடிவம் மூன்று பங்கு, எல் ஒரு பங்கு. லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் (உடம்பில் ஆம்ஃபெட்டமினாக மாறும் இன்னொரு ஏடிஹெச்டி மருந்து) எடுத்தால் டி மட்டும். இரண்டும் பாதிப் பாதிக்கு அருகில் வந்தால் கள்ளச் சரக்கு என்ற சந்தேகம் வலுக்கும், விகிதம் நேரத்தோடு நகரும் என்பதால் அதுவே தீர்ப்பு ஆகாது. பார்க்கின்சன் நோய்க்குச் செலிஜிலின் எடுப்பவருக்கு மெத்தாம்ஃபெட்டமினே வரும், ஆனால் எல் வடிவம் மட்டும்.

கிருஷ்ணகிரி மேடம்:
சாம்பிள் சரியில்லை என்றால் இவ்வளவும் வீண். 4 நிமிடத்துக்குள் சூடு பாருங்க, 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கணும். கிரியேட்டினின் 20 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே போனால் நீர்த்தது, 2க்குக் கீழே என்றால் அது மனுஷ மூத்திரமே இல்லை. 45 மில்லி வாங்கி 30, 15 என்று இரண்டு பாட்டில். சீல் போட்டு அவரிடமே கையெழுத்து. நாளைக்கு அவர் மறுத்தால் அந்த 15தான் பேசும்.

மங்கலான கோடும் கோடுதான், நெகட்டிவ். கிட்டில் போட்ட நேரம் தாண்டிப் படிக்காதீங்க.

கம்பெனிக்கு இப்போதைக்கு "முதற்கட்டச் சோதனை, உறுதிப்படுத்தல் நிலுவையில்" என்று மட்டும் போகட்டும். மெத்தில்ஃபெனிடேட் விஷயத்தை ஹெச்ஆருக்கு எழுத வேண்டியதில்லை, அது அவருக்கும் டாக்டருக்கும் உள்ளது.