குடும்ப குரூப்பில் "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அஸ்தம்பட்டிக்காரி:
தங்கை நியூஜெர்சி போய் 11 வருடம் ஆகிறது. போன மாதம் கடை பார்க்கிங்கில் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் ஜன்னலை இறக்கி "உன் நாட்டுக்கே போ" என்று கத்தி, கூடவே கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பின் சீட்டில் அவள் பையன். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னாள், அதுதான் தப்பாகிவிட்டது. சித்தப்பா, "டாலர்ல சம்பளம் வாங்கறப்ப இதையும் வாங்கிக்கத்தான் வேணும்" என்றார். பெரியம்மா பையன், "அதெல்லாம் சீனாக்காரங்களைச் சொல்றது, நம்மளை இல்ல" என்றான். அத்தை கேட்டது என்ன தெரியுமா, "நீ காரை எப்படி நிறுத்தியிருந்தே?" ஆபீஸிலும் அவன் ஏதோ டென்ஷனில் இருந்திருப்பான் என்றார்களாம். அன்றிலிருந்து தங்கை குரூப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு கேக் படம் போடுவதோடு சரி. சண்டை போடாமல் இவர்களிடம் என்ன சொல்வது? பொங்கலுக்கு எல்லோர் முகத்திலும் முழிக்க வேண்டும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

செவ்வாய்பேட்டை வாத்தியார்:
பெரியம்மா பையனுக்கு வின்சென்ட் சின் கதையைச் சொல்லுங்கம்மா. 1982, டெட்ராய்ட் பக்கம். ஜப்பான் கார்கள் வந்து அமெரிக்கக் கார் கம்பெனிகளில் ஆட்குறைப்பு நடந்த நேரம். கல்யாணத்துக்குச் சில நாளே இருந்த 27 வயதுப் பையனை, கார் தொழிலில் இருந்த இரண்டு பேர் தேடிப் பிடித்து பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள், நாலு நாளில் உயிர் போய்விட்டது. கோபம் ஜப்பான் மேல், செத்தவன் சீன வம்சாவளி. கிடைத்த தண்டனை மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 3000 டாலர் அபராதம், அவ்வளவுதான், சிறை இல்லை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி, தலைப்பாகை கட்டிய சீக்கியர், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? கை ஓங்குகிறவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பதில்லை.

சித்தப்பாவுக்கு வேறு பதில். 1923இல் பகத் சிங் திண்ட் என்பவர் குடியுரிமை கேட்டுப் போனபோது, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்திலேயே இருந்தவர் அவர், இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றமே கைவிரித்தது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். கடையும் தோட்டமும் வைத்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள் பலர், போட்டது போட்டபடி கிளம்பினார்கள். சம்பளம் எங்கே காப்பாற்றியது?

ஆபீஸ்காரர்கள் சொன்னது புதிதில்லை. 2021 மார்ச்சில் அட்லாண்டா பக்கம் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், 6 பேர் ஆசியப் பெண்கள். சுட்டவனுக்கு அது ரொம்ப மோசமான நாள் என்கிற மாதிரி காவல் துறைத் தரப்பில் ஒருவர் மைக்கிலேயே பேசினார்.

ஏற்காட்டு ஆரஞ்சு:
வாத்தியார் எழுதியது சரி, ஆனால் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். மலையில் ஒரு சின்ன லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறேன், எங்கள் சமையல்காரத் தம்பி மிசோரம். 2020 மார்ச்சில் சேலத்திலிருந்து ரெண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம், எனக்கு முன்னால் ஓர் இடம், அவனுக்குப் பின்னால். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவிலும் நின்றுகொண்டிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள், அவன் பக்கத்து சீட் மட்டும் கடைசி வரை காலி. யாரோ "கொரோனா" என்றார்கள், நாலு பேர் சிரித்தார்கள். அந்த மாதம் வடகிழக்கு ஆட்களை இப்படித் தொல்லை செய்பவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய உள்துறையே மாநிலங்களுக்கு எழுதியது, அந்த அளவுக்கு நாடு முழுக்க நடந்திருக்கிறது.

நான் மட்டும் யோக்கியமா? வந்த புதிதில் கவுண்டரிலிருந்து "டேய் சைனா" என்றுதான் கூப்பிடுவேன், பாசமாகத்தான் என்று எனக்கு நினைப்பு. ஒரு நாள் மூன்று தடவை கூப்பிட்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், உடனே திரும்பி "சொல்லுங்கண்ணா" என்றான். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது.

ஸ்டீல்பிளான்ட் பாஸ்:
எதற்கெடுத்தாலும் இனவெறியா? ஒருத்தன் கத்தினான், போய்விட்டான். நம் ஊரில் சாதி பார்க்கவில்லையா, முதலில் அதைப் பேசுங்கள்.

நர்ஸ் அக்கா:
சாதியைப் பேசுவதற்குத் தனியாக ஒரு இழை ஆரம்பிங்க பாஸ், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் ரெண்டு இழையிலும் மற்றதைச் சொல்லி வாயை அடைப்பது ஒரே ஆட்களாகத்தான் இருக்கிறார்கள், கவனித்திருக்கிறேன்.

கேட்ட தங்கச்சிக்கு: குரூப்பில் பதில் போடாதீங்க. நாலு பேர் பார்க்கிற இடத்தில் எந்தச் சித்தப்பாவும் இறங்கி வர மாட்டார். தனியாகப் போன் போட்டு ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு கதையைச் சொல்லுங்க. தமாஷ் என்று யாராவது சொன்னால், "எனக்குப் புரியலை, எதுக்குச் சிரிக்கணும்னு சொல்லுங்க" என்று விட்டுவிடுங்க, விளக்க ஆரம்பித்தால் அவர்களுக்கே வாய் குழறும். அதற்கெல்லாம் முன்னாடி தங்கையைக் கூப்பிட்டு, பையன் என்ன சொன்னான், அன்று ராத்திரி தூங்கினானா என்று கேளுங்க. அதை இன்னும் யாருமே கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அஸ்தம்பட்டிக்காரி:
உண்மைதான் அக்கா, நானும் கேட்கவில்லை. நேற்று கேட்டேன். நம்ம நாடு எது என்று கேட்டானாம், அவன் பிறந்ததே அங்கேதான்.

சித்தப்பாவிடம் வின்சென்ட் சின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "கல்யாணம் நிச்சயமான பையனா?" என்றார். இன்று காலை தங்கைக்குப் போன் போட்டு, இருட்டின பிறகு தனியாகக் கடைக்குப் போகாதே என்றாராம். மன்னிப்பெல்லாம் இல்லை, குரூப்பிலும் எதுவும் போடவில்லை. அத்தையிடம் இன்னும் பேசவில்லை.