தலைத்தோலில் ஏற்பட்ட பெரிய காயங்கள்: சிகிச்சை அனுபவங்கள்

ஒட்டறுவை மருத்துவர்:
தலைமுடி இயந்திரத்தில் சிக்கித் தலைத்தோல் பெயர்ந்த ஒருவரைக் கொண்டுவந்தபோது, உடன் வந்தவர்கள் காயம் எவ்வளவு பெரியது என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களோ அடியில் எலும்புறை மிஞ்சியிருக்கிறதா என்பதையே முதலில் பார்த்தோம். மண்டையோட்டைப் போர்த்தியிருக்கும் அந்த மெல்லிய உறை இருந்தால் தோல் ஒட்டு பிடித்துக்கொள்ளும். அது உரிந்து வெற்றெலும்பு தெரிந்தால், ஒட்டு இரத்தம் கிடைக்காமல் அழிந்துவிடும். பெயர்ந்த தோலை நுண்ணறுவையால் (நுண்ணோக்கியில் பார்த்து மெல்லிய இரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை) திரும்பப் பொருத்துவதே சிறந்தது (1976-இலேயே அதில் வெற்றி பதிவாகியிருக்கிறது). ஆனால் இவருடைய தோலும் அதன் இரத்தக்குழாய்களும் நசுங்கிப்போயிருந்தன.

உறை தப்பியிருந்த இடங்களில் தொடைத்தோலை ஒட்டினோம். எலும்பு தெரிந்த பகுதிக்கு, அருகிலிருந்த தோலையே ஃபிளாப்பாக, அதாவது இரத்த ஓட்டம் அறாதபடி ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் தோல்துண்டாக, திருப்பிப் போட வேண்டியிருந்தது. தலைத்தோலுக்கு அடியிலுள்ள கேலியா என்ற நார்ப்படலம் எளிதில் விரிந்துகொடுக்காது. ஏறக்குறைய 3 செ.மீ. அகலத்தைத் தாண்டிய காயத்தை விளிம்போடு விளிம்பு இழுத்துத் தைப்பது கடினம் என்பதற்கு அதுவே காரணம். ஆகவே காயத்தைப் போல் நான்கைந்து மடங்கு நீளத்துக்கு ஃபிளாப்பை வரைந்து, அதன் உட்பக்கத்தில் கேலியாவை மட்டும் இழுவிசைக்குக் குறுக்கே வரிவரியாகக் கீறினோம். ஒரு கீறலால் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆழம் சற்றே கூடினாலும் மேலே ஓடும் இரத்தக்குழாய்கள் அறுந்துவிடும். இளம் மருத்துவர்களின் பொறுமையை இதைவிட நன்றாகச் சோதிக்கும் வேலை இல்லை என்பது என் கருத்து.

சிகிச்சை பெற்றவர்:
ஒட்டிய தோலில் முடி முளைக்காது என்பதால், காயம் முழுமையாக ஆறிய பிறகு எனக்கு டிஷ்யூ எக்ஸ்பாண்டர் வைத்தார்கள். முடியுள்ள தோலுக்கு அடியில் சிலிகான் பையைப் பொருத்தி, வாரந்தோறும் ஊசி வழியே உப்புநீர் ஏற்றுவார்கள். ஏற்றிய அன்றிரவு தலை இறுகி வலிக்கும், ஒருபக்கமாகத்தான் படுக்க முடியும். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், புடைத்த தலையோடு மாதக்கணக்கில் வெளியே நடமாடியதுதான் பெரும்பாடு. பிறகு பையை எடுத்துவிட்டு, விரிந்த தோலால் வழுக்கைப் பகுதியை மூடினார்கள். புதிய முடிவேர்கள் உண்டாவதில்லை, இருப்பவையே இடைவெளி விட்டுப் பரவுகின்றன. பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

நோயாளியின் மகள்:
என் தந்தைக்குத் தோல் புற்றுநோய்க் கட்டியோடு எலும்புறையையும் அகற்ற நேர்ந்தது. முதுமை காரணமாக நீண்ட அறுவை வேண்டாம் என்று முடிவு செய்து, எலும்பின் மேலடுக்கை இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசியும்வரை தேய்த்து எடுத்தார்கள். ஈரம் காயாமல் கட்டுப்போட்டு வந்ததில், சில வாரங்களில் சிவந்த புதுத்திசு வளர்ந்து மூடியது. அதன்மேல் தோலை ஒட்டினார்கள். கதிர்வீச்சு பெற்ற எலும்பில் இம்முறையை நம்ப முடியாது என்றும், அத்தகையவர்களுக்கு முதுகுத் தசையை இரத்தக்குழாயோடு எடுத்துக் காதின் முன்புறத் தமனியில் இணைப்பதுண்டு என்றும் மருத்துவர் கூறினார். அந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.